1999-ல் திமுக ஏன் வாஜ்பாய் பக்கம் போனது?

இளவேனில்:
நான் அப்போது கைக்குழந்தை, அதனால் கேட்கிறேன். 1998 தேர்தலில் பாஜகவோடு நின்றது அதிமுக. அடுத்த வருடத் தேர்தலில் திமுக. 2003 கடைசி வரை மத்திய அமைச்சரவையிலும் இருந்திருக்கிறார்கள். இன்றைய பேச்சைக் கேட்டுவிட்டு இதைப் படித்தால் தலை சுற்றுகிறது. வீட்டில் கேட்டால் 'அரசியல்னா அப்படித்தான்' என்று டிவி பக்கம் திரும்பிவிடுகிறார்கள். உண்மையில் என்னதான் நடந்தது?

வழிப்போக்கன்:
பதவி, வேறென்ன? முரசொலி மாறனுக்கு வர்த்தகத் துறை, டி.ஆர். பாலுவுக்குச் சுற்றுச்சூழல். முடிந்தது கதை.

அச்சுக்காரன்:
அவ்வளவு சுலபமாக முடிக்காதீர்கள். பதவிதான் காரணமென்றால், மாறன் 1996-லேயே தேவகவுடா ஆட்சியில் தொழில் துறை அமைச்சர். அதற்காக பாஜகவிடம் போயிருக்க வேண்டியதில்லை.

தம்பி, அந்த இரண்டு தேர்தலிலும் நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் இருந்தேன். 98-ல் வைகோவுக்கு அடித்த போஸ்டரில் மேலே வாஜ்பாயும் ஜெயலலிதாவும். 99-ல் அதே வைகோ, அதே சிவகாசித் தொகுதி, வாஜ்பாய்க்குக்கூட அதே படம்தான். ஜெயலலிதா இருந்த இடத்தில் கலைஞர். 93-ல் கட்சியை விட்டு நீக்கிய வைகோவுக்கு திமுகவினரே வீடு வீடாக ஓட்டுக் கேட்டார்கள். எங்கள் மிஷின்மேன் பழுத்த திமுககாரர். 'நான் மையைத்தான் பார்ப்பேன், மூஞ்சியைப் பார்க்க மாட்டேன்' என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

விஷயத்துக்கு வருகிறேன். 98 மார்ச்சில் வாஜ்பாய் பதவியேற்றபோது அதிமுகவிடம் 18 எம்.பி.க்கள். அந்த ஆதரவுக்கு ஜெயலலிதா கேட்ட முக்கியமான விலை, இங்கே திமுக ஆட்சியைக் கலைப்பது. பிப்ரவரியில் கோவையில் குண்டு வெடித்து 58 பேர் இறந்திருந்ததால் சட்டம் ஒழுங்கு என்று காரணம் காட்டவும் வழி இருந்தது. கலைஞர் 76-லும் 91-லும், மாநில ஆட்சியை மத்திய அரசு கலைக்க வழிசெய்யும் அரசியல் சட்டப் பிரிவு 356-ல் ஆட்சியை இழந்தவர். மூன்றாவது தடவை நடக்காது என்று எந்த தைரியத்தில் இருப்பார்?

வாஜ்பாய் கலைக்கவில்லை. அவருடைய பெருந்தன்மை என்று மட்டும் சொல்ல மாட்டேன். 356-ஐ இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது என்று 94-லேயே உச்ச நீதிமன்றத்தின் பொம்மை வழக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணனோ, 98 செப்டம்பரில் பீகார் ஆட்சியைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையையே மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியவர். எப்படியோ, ஆட்சி தப்பியது. 99 ஏப்ரல் 14-ல் அதிமுக ஆதரவை விலக்கியது. 17-ம் தேதி வாக்கெடுப்பில் 269-க்கு 270, ஒரே ஓட்டில் வாஜ்பாய் தோற்றார். அந்த 269-க்குள் திமுக ஓட்டும் இருந்தது. மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ் எதிர்த்துப் போட்டது.

இளவேனில்:
நன்றி அண்ணே. காங்கிரஸ் பக்கம் போயிருக்கலாமே?

அச்சுக்காரன்:
எங்கே போவது? 97-ல் ராஜீவ் கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் அறிக்கையைக் காட்டி, திமுக அமைச்சர்களை வெளியே அனுப்பு என்று அப்போதைய பிரதமர் குஜ்ராலிடம் கேட்டதே காங்கிரஸ்தான். அவர் மறுத்ததால்தான் அந்த ஆட்சி கவிழ்ந்தது. 99 மார்ச்சில் சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த தேநீர் விருந்தில் சோனியாவும் ஜெயலலிதாவும் ஒன்றாக உட்கார்ந்ததும் அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. டெல்லியில் யாரோடு சேர்வது என்பதை இங்கே எதிராளி யாரோடு இருக்கிறார் என்பதுதான் முடிவு செய்தது. கொள்கைக்கு ஒரு திரை வேண்டுமே, அதற்கும் வழி இருந்தது. ராமர் கோயில், காஷ்மீருக்கான 370-வது பிரிவு, பொது சிவில் சட்டம் மூன்றும் கூட்டணியின் பொதுத் திட்டத்தில் இல்லை.

நாஞ்சில் வாசகர்:
99-க்கு இதெல்லாம் சரி. 2002-ல் குஜராத் எரிந்தபோதும் அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தார்களே, அது எந்த 356 பயத்தில்? இங்கே ஆட்சியே 2001-ல் போய்விட்டதே.

அச்சுக்காரன்:
அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அங்கே வழிப்போக்கன் சொன்னதுதான் சரி. பதவி என்று சொன்னேனே தவிர, அதுவும் எவ்வளவு காப்பாற்றியது? 2001 ஜூன் 30 நள்ளிரவில் கலைஞரைக் கைது செய்தபோது மத்திய அமைச்சர்களான மாறனையும் பாலுவையும் சேர்த்தே பிடித்தார்கள். ஆளுநர் பாத்திமா பீவி பதவியை விட்டுப் போனார். ஜெயலலிதா ஆட்சி அசையவில்லை. 2003 நவம்பரில் மாறன் இறந்தார், டிசம்பரில் திமுக வெளியே வந்தது. 2004-ல் அதே காங்கிரசோடு சேர்ந்து 39-க்கு 39.

நாஞ்சில் வாசகர்:
எங்கள் பக்கத்துக் கணக்கையும் எழுதுங்கள். 96-ல் பாஜக தனியாக நின்று பத்மநாபபுரம் ஒன்றில்தான் சட்டமன்றத்துக்குப் போனது. 2001-ல் திமுக தோளில் ஏறி நான்கு பேர் போனார்கள்.

அச்சுக்காரன்:
எழுதலாம். 98-ல் அதிமுக தோளில் ஏறி மூன்று எம்.பி. போனதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டு தோளும் இங்கேதான் கிடைத்தது.