ட்ரொம்சோவுக்கு வரும் தம்பிக்கு: சூரியன் மறையாத ஊரில் மஃரிப் எப்போது?

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. செப்டம்பரில் வட நார்வேயில் இருக்கும் ட்ரொம்சோவுக்கு வேலைக்கு வருகிறேன், மனைவியும் நான்கு வயது மகளும் கூட வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். "காக்கா (அண்ணா), அங்கே பள்ளிவாசல் இருக்கா? சூரியனே மறையாதாமே, தொழுகைக்கு என்ன செய்றது?" என்றும் கேட்டிருந்தீர்கள். பள்ளி இருக்கிறது. சூரியன் மறையாது என்பதும் உண்மைதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் வந்தபோது தமிழில் இதைச் சொல்ல ஆள் இல்லை.

நான் வந்தது 2016 ஜூனில், நோன்புக்கு நடுவில். வாடகை அறையில் பெட்டியை வைத்துவிட்டு போனைத் திறந்தால், தொழுகை நேரம் காட்டும் ஆப்பில் சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிபுக்கு நேரே வெறும் கோடு. இரவுத் தொழுகையான இஷாவுக்கும் கோடு. இன்னொரு ஆப்பை இறக்கினேன். அது மஃரிப் 12:46, அதிகாலைத் தொழுகையான சுபுஹு 12:47 என்றது. ஒரே நிமிடத்துக்குள் நோன்பு திறந்து, இஷாவும் தராவீஹும் தொழுது, சஹரும் சாப்பிட்டு முடிக்க வேண்டும் போலிருக்கிறது! மணி இரவு பதினொன்று. ஜன்னலுக்கு வெளியே பளிச்சென்று வெயில், எதிர்வீட்டுப் பாட்டி செடிகளுக்குப் பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளியைத் தேடிப் போனேன். அல்நோர் சென்டர் என்ற அமைப்பு நடத்தும் பள்ளி, உலகின் வடகோடிப் பள்ளிவாசல்களில் ஒன்று. மினாராவைத் தேடிக்கொண்டு நடந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். நான் இரண்டு தடவை தாண்டினேன். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு வெளியே கேட்காது. உள்ளே போனதும் ஒரு சோமாலியப் பெரியவர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்போல. சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். சூரியன் மறையாத நாட்களில் இங்கே மக்காவின் நேரம். மக்காவில் சூரியன் உதிப்பது காலை ஐந்து மணி சொச்சம் என்றால், நம் கடிகாரத்திலும் அதே ஐந்து மணி சொச்சம். அங்கே மஃரிப் இரவு ஏழு என்றால் இங்கேயும் ஏழு. அன்று மாலை ஏழு மணிக்கு, கண் கூசும் வெயிலில், பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயில் போடவே மனசு வரவில்லை. பெரியவர் முழங்கையால் இடித்தார்.

இது மனம்போன போக்கில் செய்த ஏற்பாடு இல்லை. உலக முடிவுக்கு முன் வரும் தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஒரு வருடம்போல நீளும் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னபோது, அந்த நாளில் ஒரு நாள் தொழுகை போதுமா என்று தோழர்கள் கேட்டார்கள். போதாது, நேரத்தைக் கணித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. ஸஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ள ஹதீஸ் இது. எப்படிக் கணிப்பது என்பதில்தான் உலமாக்களிடம் கருத்து வேறுபாடு. சிலர் இரவும் பகலும் ஒழுங்காக வரும் பக்கத்து ஊரின் நேரத்தை எடுக்கச் சொல்வார்கள். சிலர் 45 பாகை அட்சரேகையை அளவாக வைப்பார்கள். சிலர் மக்கா. கோடையில் ஒரே அலுவலகத்தில் மூன்று முஸ்லிம்கள் மூன்று நேரத்தில் நோன்பு திறந்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்று பேரும் பரீட்சைக்குப் படித்ததுபோல ஆதாரம் சொன்னார்கள். என் யோசனை ஒன்றுதான்: ஆப்பை அழித்துவிடுங்கள். பள்ளியில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வருடம் முழுக்க அதையே பின்பற்றுங்கள். ஊரில் சந்துக்கு ஒரு பள்ளி. ஒன்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் அடுத்ததில் தொழலாம். இங்கே அந்த வசதி கிடையாது.

தொழும்போது மக்காவை நோக்கும் திசையான கிப்லாவையும் மறக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். மேற்கே திரும்பியே பழகிய உடம்பு நமக்கு. இங்கே கிட்டத்தட்ட தெற்கு, சற்றுக் கிழக்கே சாய்ந்து, 154 பாகை. முதல் வாரம் தூக்கக் கலக்கத்தில் நான் இரண்டு சுபுஹை மேற்கு நோக்கித் தொழுதுவிட்டு மறுபடி தொழுதேன்.

எல்லோரும் கோடையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் குளிர்காலம்தான் கஷ்டம். ஊர் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறையாது. நவம்பர் 27 வாக்கிலிருந்து ஜனவரி 15 வாக்கு வரை எழாது. நவம்பர் 27க்கு முந்தின வாரம்தான் வேடிக்கை. பதினொன்றரை தாண்டி நண்பகல் தொழுகையான லுஹர், ஒரு மணிக்குள் சூரியன் போய்விடும். லுஹரில் ஸலாம் கொடுத்து நிமிர்ந்தால் பிற்பகல் தொழுகையான அஸர், அஸரை முடித்துத் தேநீர் ஊற்றினால் மஃரிப். மதிய இடைவேளை ஒன்றுக்குள் மூன்று தொழுகை. ஹனஃபி சட்டப் பிரிவு வீட்டுப் பிள்ளை என்றால் அஸர் இன்னும் தள்ளிப்போய் மஃரிபை முட்டும். இதையெல்லாம் தனியாகக் கணக்குப் போடாமல் இமாமிடம் கேளுங்கள். சூரியன் எழாத அந்த ஏழு வாரமும் கும்மிருட்டு இல்லை. நண்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் நீல வெளிச்சம் வரும். அந்த நேரத்தில் பிள்ளையோடு வெளியே நடந்துவிட்டு வாருங்கள், மனசுக்கு நல்லது.

நோன்பு இப்போது பிப்ரவரி, மார்ச்சில் வருவது உங்கள் அதிர்ஷ்டம். 2027இல் பிப்ரவரி 8 வாக்கில் தொடங்கும். அந்த முதல் நாட்களில் பிற்பகல் மூன்று மணி சொச்சத்துக்கே நோன்பு திறக்க வேண்டும். அதாவது அலுவலகத்தில், மீட்டிங்குக்கு நடுவில். மேசை டிராயரில் பேரீச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என்று இரண்டு ரமலான் தொடங்கும். டிசம்பரில் தொடங்குவதற்கு உதயமும் இல்லை, அஸ்தமனமும் இல்லை. அப்போது மறுபடியும் அட்டவணை விவாதம் களைகட்டும்.

வேலை. இங்கே மதிய இடைவேளை பதினொன்று, பதினொன்றரைக்கு, அரை மணி நேரம்தான். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையை அதோடு ஓரளவு ஒட்டிவிடலாம். கோடையில் நண்பகலே 12:50 வாக்கில்தான், ஒட்டாது. நேராக மேலாளரிடம் போய், வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் வெளியே போவேன், காலையில் சீக்கிரம் வந்து ஈடுகட்டிவிடுவேன் என்று சொல்லுங்கள். பல அலுவலகங்களில் ஃப்ளெக்சிடீட் என்று நெகிழ்வான வேலை நேரம் உண்டு, மறுப்பது அபூர்வம். ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தில் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், ஒரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்தால் அவர்களுக்குப் புரியாது. சார் கிடையாது, பேர்தான். கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் உங்களுக்குத் தேவை இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். தொழ இடம் வேண்டுமென்றால் ஸ்டில்லெரும் இருக்கிறதா என்று விசாரியுங்கள், அமைதி அறை என்று பொருள். பல்கலைக்கழகங்களிலும் மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் இருக்கும்.

பெருநாள் விடுமுறைக்குச் சட்டமே இருக்கிறது. நார்வே திருச்சபையைச் சேராதவர்கள் தங்கள் மதப் பண்டிகைக்காக வருடத்துக்கு இரண்டு நாள் வரை விடுப்பு எடுக்கலாம். அந்த நேரத்தைப் பிறகு வேலை செய்து ஈடுகட்டச் சொல்ல முதலாளிக்கு உரிமை உண்டு. சிக்கல் எங்கே என்றால், 14 நாளுக்கு முன்பே சொல்ல வேண்டும். இது தெரியாமல் ஒரு வருடம் முந்தின நாள் மாலை போய் "நாளைக்குப் பெருநாள்" என்றேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்கள் பண்டிகை என்றைக்கு என்று உங்களுக்கே இன்றைக்குத்தான் தெரியுமா?" என்று கேட்டார். பிறை பற்றி நார்வேஜிய மொழியில் விளக்குவது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஐரோப்பாவில் பல பள்ளிகள் கணக்கிட்டு முன்கூட்டியே தேதியை அறிவித்துவிடுகின்றன. இல்லாவிட்டாலும், "இந்த இரண்டு நாளில் ஒன்று" என்று முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவைப் பற்றி உங்கள் மனைவி கேட்டிருந்தார்கள். அலுவலகக் கைகழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்து, யாரோ கதவைத் திறந்து, இரண்டு பேரும் திகைத்து நிற்கும் காட்சி எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும். தோல் காலுறை ஒன்று வாங்கிவிடுங்கள். காலையில் ஒளுவோடு போட்டுக்கொண்டால், உள்ளூரில் இருப்பவர் ஒரு பகல் ஒரு இரவு வரை காலைக் கழுவாமல் அதன் மேல் ஈரக் கையால் தடவி மஸஹ் செய்யலாம். மெல்லிய நூல் சாக்ஸுக்கு இது நம் ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) செல்லாது.

வந்த முதல் மாதமே பள்ளியில் உறுப்பினராகப் பதிவு செய்யுங்கள். அடையாள எண்ணைக் கேட்பார்கள், பயப்பட வேண்டாம். இங்கே மத அமைப்புகளுக்கு அரசு தலைக்கு இவ்வளவு என்று மானியம் தருகிறது. 2021இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி குறைந்தது 50 உறுப்பினர் இருந்தால்தான் அது கிடைக்கும். பெரிய நன்கொடையாளரை நம்புவதும் இங்கே சுலபமில்லை. 2010இல் ட்ரொம்சோவில் பள்ளி கட்ட சவூதியிலிருந்து வரவிருந்த பணத்துக்கு நார்வே அரசு ஒப்புதல் தரவில்லை. அங்கே மதச் சுதந்திரம் இல்லாதபோது இதை ஏற்பது முரண் என்றார் அன்றைய வெளியுறவு அமைச்சர் ஸ்தோரெ. ஆக, உங்கள் பெயரும் உங்கள் விப்ஸ் பணமும்தான் பள்ளிக்கு மூலதனம். விப்ஸ் என்பது நம் ஜிபே மாதிரி. டுக்னாட் என்று ஒரு வார்த்தை கேள்விப்படுவீர்கள்: எல்லோரும் கூடிச் சம்பளமில்லாமல் வேலை செய்வது. குடியிருப்பிலும் உண்டு, பிள்ளையின் பார்னஹாகேவிலும் (மழலையர் காப்பகம்) உண்டு, பள்ளிவாசலிலும் உண்டு. பள்ளி நிர்வாகியான முத்தவல்லி ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வார் என்று இருக்காதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள்.

சாப்பாடு சுருக்கமாக. மயக்கமூட்டாமல் அறுப்பது இந்த நாட்டில் 1929 சட்டத்திலிருந்தே தடை. கடையில் ஹலால் என்று கிடைக்கும் உள்ளூர் இறைச்சி, மயக்கமூட்டி அறுத்தது. ஏற்கிறவர்களும் இருக்கிறார்கள், ஏற்காதவர்களும் இருக்கிறார்கள், முடிவு உங்களுடையது. மீனுக்கு அந்தக் கேள்வியே இல்லை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வரும் ஸ்க்ரெய் மீனைப் புளியாணமாக வையுங்கள், ஊர்ச் சீலா மறந்துபோகாது, ஆனால் தாங்கிக்கொள்ளலாம். பொட்டலத்தில் ஸ்வின், ஃப்ளெஸ்க் என்று இருந்தால் பன்றி. பார்னஹாகேவில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மே 17 தேசிய தினத்தன்று எல்லாக் குழந்தையும் தொத்திறைச்சி சாப்பிடும். மகளுக்கு ஹலாலில் இரண்டு கொடுத்தனுப்பினால் அழுகை மிச்சம்.

தமிழ் பேச ஆள் இருக்கிறதா என்றால், இருக்கிறார்கள். 1980களில் வட நார்வே மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் பலர். பெரும்பாலும் இந்துக்கள், கத்தோலிக்கர்கள். எங்கள் பெருநாளுக்கு அவர்கள் வருவார்கள், பொங்கலுக்கு நாங்கள் போவோம். தமிழுக்கு அவர்கள், தொழுகைக்குச் சோமாலியர்கள் என்று என் வாழ்க்கை ஓடுகிறது. சோமாலியர்களும் நம்மைப்போல ஷாஃபிகள் தம்பி. முதல் வாரம் சுபுஹில், இரண்டாம் ரக்அத்தில் ருகூவிலிருந்து எழுந்து அந்தப் பெரியவர் கையை உயர்த்தி, ஷாஃபிகள் சுபுஹில் ஓதும் குனூத் பிரார்த்தனையை ஓதியபோது, காயல்பட்டினத்தில் வாப்பாவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. அடுத்த நோன்பில் அவர்களுடைய சம்பூஸாவுக்குப் பக்கத்தில் என் நோன்புக் கஞ்சியை ஒரு குண்டான் வைத்தேன். முதல் நாள் சிரிய நண்பர் ஒருவர் மட்டும் மரியாதைக்காகக் குடித்தார். பத்தாம் நாள் எனக்கே மிஞ்சவில்லை.

மௌத்தை, அதாவது இறப்பைப் பற்றியும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வசிக்கிற நகராட்சியில் 20 வருடத்துக்குக் கப்ரு (அடக்கக் குழி) இலவசம். அடக்கம் பத்து வேலை நாளுக்குள் முடிய வேண்டும். ஊர் மாதிரி அன்றே நடக்காது. பெட்டியில் வைத்துத்தான் அடக்குவார்கள். ஊருக்கு அனுப்புவதானால் செலவு பெரிது, அதற்குக் காப்பீடு இருக்கிறதா என்று வரும்போதே பாருங்கள்.

கம்பளி உடுப்பு, பனியில் வழுக்காத செருப்பு முள் எல்லாம் இங்கே வந்து வாங்கலாம். தொழுகை விரிப்பு இரண்டு, வெந்தயம், உம்மா இடித்த மசாலா போதும். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஃபின்லாந்துக்காரர்கள் மட்டும் கைக்குழாய் வைத்திருக்கும் புண்ணியவான்கள். கிண்டி கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தீர்கள். பெட்டியில் இடத்தை வீணாக்காதீர்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சின்னப் பூவாளி எந்தக் கடையிலும் கிடைக்கும். எங்கள் எல்லோர் வீட்டிலும் அதுதான், செடி மட்டும் கிடையாது.