ஆவணப்படத்தின் வாதத்தை அலசும் கட்டுரை: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. மைக்கேல் மூரின் ‘பவுலிங் ஃபார் கொலம்பைன்’ (2002) ஆவணப்படம் பார்வையாளரை எப்படித் தன் பக்கம் இழுக்கிறது என்று கட்டுரை எழுதுகிறேன். 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோவில், கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சுட்டுக்கொல்லப்பட்டதிலிருந்து கிளம்பும் படம்.

உணர்ச்சியைத் தொடும் உத்தி எனக்குப் புரிகிறது. பள்ளியின் கண்காணிப்பு கேமரா பதிவு ஓட, அவசர உதவி கேட்டு அழைத்தவர்களின் பதறிய குரல்கள் கேட்கின்றன. இரண்டு முறை நிறுத்திவிட்டுத்தான் அதைப் பார்த்து முடித்தேன்.

திணறுவது படத்தொகுப்பில். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் அமெரிக்க அமைப்பான தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் தலைவராக இருந்த நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன், துப்பாக்கியைத் தலைக்கு மேல் உயர்த்தி முழங்குவது 2000-இல் சார்லட் நகரில். படமோ அதைக் கொலம்பைன் துயரத்துக்கும் அதன்பின் 1999-இல் கொலராடோவின் டென்வர் நகரில் அந்தச் சங்கம் நடத்திய கூட்டத்துக்கும் நடுவில் வைக்கிறது. பார்ப்பவர் அதையும் டென்வரில் நடந்ததாகவே எடுத்துக்கொள்வார். நானும் அப்படித்தான் நம்பினேன். உண்மை தெரிந்ததும் மனம் கசந்துபோனது.

நாடுவாரியான துப்பாக்கிச் சாவு எண்ணிக்கையிலும் இதே உறுத்தல். மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதம் சொல்லப்படவில்லை. விகிதமாகச் சொன்னாலும் அமெரிக்காவே வெகுதூரம் முன்னால் நிற்கும். பிறகு ஏன் தவிர்த்தார்?

இத்தகைய தொகுப்பை வாத உத்தி என்பதா, திரிப்பு என்பதா? படத்தின் நோக்கத்தோடு உடன்படும் நான், அதன் குறையை எப்படி நேர்மையாக எழுதுவது? ஆவணப்படங்களை அலசிப் பழகியவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.