ஆயா வீடு (கெங்கையம்மன் துணை) குரூப்: பேன் 40 (பேன்டோப்ரசோல்) மாத்திரை, பத்து அட்டை

குடியாத்தம் சித்தி, காலை 7:12
தேனு, கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வரும்போது ஆயாவுக்கு பேன் 40 பத்து அட்டை எடுத்தாந்துடும்மா. இன்னியோட தீந்துபோச்சு. இங்க மருந்துக் கடையில டாக்டர் சீட்டு கேக்கறான்

ஆற்காடு அத்தை
பத்து அட்டையா

சித்தப்பா
வைகாசி 1 அன்னிக்கு கோபாலபுரம் பக்கம் ஆட்டோ கூட நுழையாது. முந்தின நாள் ராத்திரியே எல்லாரும் வந்துடணும். அப்புறம் போன் பண்ணி வழி கேக்கக் கூடாது

தேனு
சித்தி அந்த சீட்ட போட்டோ எடுத்து போடுங்க

குடியாத்தம் சித்தி
[போட்டோ]

தேனு
இது 2021ல முட்டிவலிக்கு எழுதுனது! வலி மாத்திரை 10 நாளைக்கு. அது வயித்த புண்ணாக்கிடக் கூடாதுன்னு கூடவே பேன், அதுவும் 10 நாளைக்குத்தான். வலி மாத்திரைய நிறுத்திட்டு இத மட்டும் 4 வருஷமா குடுத்துகினு கீறீங்க

ஆற்காடு மாமா
கேஸ் மாத்திரதானே தேனு. நானும்தான் தினம் போட்றேன்

தேனு
கேஸுக்கு இல்ல மாமா. வயித்துல ஆசிட் சுரக்கிற எடத்தையே அடைக்கிற மாத்திரை. அதனாலதான் வெறும் வயித்துல, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும். ஜெலுசில் மாதிரி குடிச்ச ஒடனே கேக்காது, நல்லா புடிக்க ரெண்டு மூணு நாள் ஆவும். சித்தி, ஆயா எப்போ போடுது?

குடியாத்தம் சித்தி
இட்லி சாப்ட்டதும். முழுங்க மாட்டேங்குது, தை மாசத்துல இருந்து நுணுக்கி தேன்ல கொழச்சி குடுக்கறேன்

சேகர்
தேனே தேனு கையில

தேனு
அய்யோ நுணுக்கவே கூடாது. மேல இருக்கற பூச்சு எதுக்குன்னா மாத்திரை வயித்து ஆசிட்ட தாண்டிப் போய் குடல்ல கரையறதுக்கு. நுணுக்கினா வயித்துலயே வீணாப் போயிடும்

ஆற்காடு மாமா
அப்போ தையில இருந்து ஆயா தேன் மட்டும்தான் சாப்ட்டுகினு இருக்குது

பெரியப்பா
கெடா பங்கு இன்னும் மூணு பேரு குடுக்கல. பேரு சொல்ல மாட்டேன்

சேகர்
நைட்டு போட்றேன் பெரிப்பா

தேனு
சித்தி, ஆயாவுக்கு கால் மரமரன்னு இருக்குதுன்னு பொங்கலுக்கு சொல்லுச்சே, இப்போ எப்டி?

குடியாத்தம் சித்தி
அப்டியேதான். செருப்பு கழண்டா கூட தெரியல

தேனு
வருஷக்கணக்குல பேன் போட்டா சாப்பாட்டுல இருக்கற பி12 வைட்டமின் ஒடம்புல சரியா சேராது. அது கொறைஞ்சா கால் இப்டி மரத்துப்போவும். ஆயா போட்ற சுகர் மாத்திரை மெட்ஃபார்மினும் அதே வேலையத்தான் பண்ணும். ரெண்டும் சேந்து கீது. சுகராலயே கூட அப்டி இருக்கலாம், ரத்தம் எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். இன்னொண்ணு, வெளிக்கி கருப்பா போவுதா?

ஆற்காடு அத்தை
குரூப்ல கேக்கற கேள்வியா இது

தேனு
கேட்டுத்தான் ஆவணும் அத்தை. தார் மாதிரி கருப்பா போனா, ரத்த வாந்தி எடுத்தா, சோறு தொண்டையில நின்னா, ஒடம்பு எளைச்சா மாத்திரை போட்டு மூடி வைக்கக் கூடாது, ஒடனே ஆஸ்பத்திரி

குடியாத்தம் சித்தி
அதெல்லாம் இல்ல

ஆற்காடு மாமா
இவ்ளோ இருக்குதா. அப்போ நானும் நாளையில இருந்து நிறுத்திட்றேன்

தேனு
நீங்க நிறுத்தாதீங்க!!!
ஸ்டென்ட் வெச்சி, ரத்தம் கட்டிக்காம இருக்க ரெண்டு மாத்திரை போட்றீங்க. வயித்துல ரத்தம் கசியக் கூடாதுன்னுதான் உங்களுக்கு இத எழுதியிருக்காங்க. சீட்டுல இருக்கறத மட்டும் போடுங்க, யாராவது இதுக்கு பதிலா ஓமிப்ரசோல்னு வேற ஆசிட் மாத்திரை குடுத்தா வாங்காதீங்க. உங்க ரத்த மாத்திரை குளோபிடோக்ரெல்ல அது சரியா வேலை செய்ய வுடாது

ஆற்காடு அத்தை
போன வருசம் நெஞ்சு அடைக்குது, வேர்க்குதுன்னு சொல்லிகினே ஜெலுசில் பாட்டில காலி பண்ண மனுசன் இவரு. நான் கத்தலன்னா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்

ஆற்காடு மாமா
கத்தறதுக்கு மாத்திரை இருந்தா சொல்லு தேனு

பெரியப்பா
ஏம்மா, 4 வருஷம் ஒரே சீட்டா? யாரும் பாக்கலியா?

குடியாத்தம் சித்தி
யாரு பாக்கணும் மாமா? சிரசுக்கு வந்து கூழு குடிச்சிட்டு போறவங்க பாக்கலாமே. கம்மல் எங்கன்னு கேக்க மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் வருது

ஆற்காடு அத்தை
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

சித்தப்பா
காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க

தேனு
சித்தி, நீங்க பாத்துக்கறதாலதான் ஆயா நடமாடுது. யாரும் உங்கள கொறை சொல்லல. ஆனா ஆயாவுக்கும் திடீர்னு நிறுத்தாதீங்க, அடக்கி வெச்ச ஆசிட் மொத்தமா ஏறி முன்ன விட எரியும். ஒரு அட்டை எடுத்தாறேன், முழுசா முழுங்கட்டும். சிரசு முடிஞ்சி டாக்டர பாத்து எப்டி கொறைக்கறதுன்னு கேப்போம்

சேகர்
எந்த ஆஸ்பத்திரி

பெரியப்பா
கார் இருக்குது. வெள்ளிக்கெழம வேணாம்

சித்தப்பா
சனிக்கெழம எனக்கு கடை

ஆற்காடு அத்தை
திங்கக்கெழம நான் கூட்டிம்போறேன். முடிஞ்சா

குடியாத்தம் சித்தி
[வாய்ஸ் மெசேஜ் 0:48]
ஆயா பேசுது கேளுங்க

சேகர்
"எனக்கு ஒண்ணுமில்ல, ஆற்காட்டுக்காரிய மக்கன் பேடா எடுத்தாற சொல்லு"

தேனு
ஆயாவுக்கு சுகர்!

ஆற்காடு அத்தை
ஒரு கிலோ போதுமா

குடியாத்தம் சித்தி
போதும் அண்ணி. தேனு, அட்டை ரெண்டா எடுத்தாந்துடு, எதுக்கும் இருக்கட்டும்