ஸ்கேன் செய்தால் நீலம் ஊதாவாகிறது, யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வாட்டர்கலர் ஓவியங்களை ஃப்ளாட்பெட் ஸ்கேனரில் ஏற்றுகிறேன். சிவப்பு, மஞ்சள் பரவாயில்லை. அல்ட்ராமரைன் நீலம்தான் ஊதாப் பக்கம் சாய்கிறது. மெல்லிய வெளிர் பூச்சுகளோ காகித வெள்ளையோடு கரைந்தே போகின்றன.

ஆட்டோ கலர் கரெக்‌ஷனை அணைத்தாயிற்று. ஸ்கேன் அமைப்பு 48 பிட் நிற ஆழம், அடோபி ஆர்ஜிபி நிறவெளி, டிஃப் கோப்பு. மானிட்டரும் 6500 கெல்வினுக்குக் கருவி வைத்து காலிபரேட் செய்ததுதான், ஆகவே சந்தேகம் ஸ்கேனர் மேல்.

ஐடி8 டார்கெட் (அளவு தெரிந்த நிறக் கட்டங்கள் கொண்ட அட்டை) வாங்கி, அதை ஸ்கேன் செய்து ஐசிசி ப்ரொஃபைல் (ஸ்கேனர் நிறங்களைச் சரியாகப் பெயர்க்க உதவும் கோப்பு) உருவாக்கலாமா? அது புகைப்படத் தாளில் வருவது. ஓவிய நிறமிகளை ஸ்கேனர் வேறு மாதிரி பார்க்குமே, அதுதான் தயக்கம். அதே வண்ணங்களைப் பூசி, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரால் (நிறத்தை அளக்கும் கருவி) அளந்து, சொந்தமாக டார்கெட் செய்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை நிறக் கட்டங்கள் போதும்? (ஒவ்வொரு படமாக ஃபோட்டோஷாப்பில் திருத்தச் சொல்லிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்!)