5 வெயிட் ராடுக்கு ரீலும் லைனும் சேர்த்து 6000 ரூபாய்க்குள்: எதை எடுக்கலாம்?

கோத்தகிரி_தூறல்

வணக்கம்ங்க. 9 அடி, 5 வெயிட் ஃப்ளை ராடு (பூச்சி மாதிரிக் கட்டிய இரையை வீசுகிற தூண்டில் கம்பு) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ரீலும் இல்லை, லைனும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து 6000 ரூபாய்க்கு மேல் முடியாது. நீலகிரியில் அவலாஞ்சி, எமரால்டு பக்கம் ட்ரவுட் மீனுக்குத்தான். கெண்டை மாட்டினாலும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஸ்பின்னிங் பழக்கம் உண்டு, ஃப்ளை புதுசு. ஆன்லைனில் ஒன்றில் டிஸ்க் டிராக், ஒன்றில் கிளிக், ஒன்றில் லார்ஜ் ஆர்பர் (நடு உருளை பெரிது) என்று போட்டிருக்கிறான், எல்லாவற்றிலும் சிஎன்சி. எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம்? வலது கைக்காரன்.

மேல்பவானி

தம்பி, முதலில் லைனை முடிவு பண்ணுங்க, ரீல் அப்புறம். ஸ்பின்னிங்கில் தூண்டிலின் எடை லைனை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஃப்ளைக்கு எடையே கிடையாது, லைனின் எடைதான் ராடை வளைக்கிறது. 5 வெயிட் லைன் என்றால் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்க வேண்டும். மட்டமான லைனில் இந்தக் கணக்கு தப்பும், மேல்பூச்சும் சொரசொரவென்று இருக்கும். எவ்வளவு நல்ல ரீல் போட்டாலும் வீச்சு எழாது. அதனால் 6000-ல் பாதிக்குக் குறையாமல் லைனுக்கு ஒதுக்குங்க. டபிள்யூஎஃப்5எஃப் என்று அட்டையில் இருக்கட்டும்: முன்பக்கம் கனமான, மிதக்கிற, 5 வெயிட் லைன்.

மீதியில் வார்ப்பு அலுமினிய ரீல் தாராளமாகப் போதும். ஒகுமா எஸ்எல்வி, ரெடிங்டன் பெஹிமத் இரண்டுமே வார்ப்புதான், உலகம் முழுக்க ஓடுகிறது. சிஎன்சி, அதாவது மெஷினில் கடைந்தது என்று எழுதியதை நம்பாமல், லைன் சுற்றுகிற ஸ்பூலைக் கழற்றி ஃப்ரேமின் உள்பக்கம் பாருங்க. கடைசல் என்றால் மெல்லிய கோடுகள் ஒரே சீராக ஓடும். வார்ப்பு என்றால் சின்ன வட்டத் தழும்புகள், ஓரத்தில் ஒட்டுக்கோடு. வார்ப்பு தப்பில்லை, வார்ப்புக்குக் கடைசல் விலை கொடுப்பதுதான் தப்பு. ஒரே சங்கடம், பாறையில் விழுந்தால் வளைவதற்குப் பதில் விரியும், முக்கியமாக ராடில் மாட்டுகிற பாதம். பிளாஸ்டிக் ரீலை விட்டுவிடலாம். ஃப்ரேமை இரண்டு விரலால் அழுத்தினாலே ஸ்பூல் உரசுகிறது.

எடை 130-லிருந்து 170 கிராமுக்குள் இருந்தால் 9 அடி ராடுக்குச் சரியாக உட்காரும்.

கிளிக்_கட்சி

மேலே சொன்னது சரிதான், டிராக் பற்றி, அதாவது மீன் இழுக்கும்போது ஸ்பூலைப் பிடிக்கிற பிரேக் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அவலாஞ்சி ஓடையில் கிடைக்கிற ட்ரவுட்டுக்கு, தட்டு உரசிப் பிடிக்கிற டிஸ்க் டிராக்கே தேவையில்லை. கிளிக் ரீலில் இருப்பது ஒரு பல்சக்கரமும் ஸ்பிரிங் தள்ளுகிற ஒரு நாக்கும். லைனை வேகமாக உருவும்போது ஸ்பூல் தறிகெட்டுச் சுற்றாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. மீன் ஓடினால் உள்ளங்கையை ஸ்பூலின் விளிம்பில் லேசாக வைத்தால் போதும், அதுதான் பிரேக். ஆனால் விளிம்பு ஃப்ரேமுக்கு வெளியே தெரிகிற மாடலாக இருக்க வேண்டும்.

மழையில் நனைந்தாலும் கிளிக்குக்கு ஒன்றும் ஆகாது. மலிவு டிஸ்க் டிராக்கில் பாதிக்குமேல் மூடாத கார்க்கோ ஃபெல்ட்டோதான். தண்ணீரோ மணலோ புகுந்தால் ஒரு நேரம் வழுக்கும், ஒரு நேரம் பிடித்துக்கொள்ளும்.

மேல்பவானி

ஓடைக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி கெண்டையும் கேட்கிறார். 1939-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து ஊட்டி ஏரியில் விட்ட கண்ணாடிக் கெண்டை பாய ஆரம்பித்தால், உள்ளங்கைப் பிரேக் புதுசா பழகுகிறவருக்குக் கைவராது. கைப்பிடி சுழன்று விரல் கணுவில் அடிக்கும், பதறி இறுக்கினால் டிப்பெட் (ஃப்ளை கட்டுகிற கடைசி மெல்லிய நூல்) போயிடும். அவருக்கு டிஸ்க்தான்.

எவ்வளவு இறுக்கம் என்பதில் இல்லை விஷயம். நின்றிருக்கிற ஸ்பூல் புறப்படும்போது குலுக்கல் இருக்கிறதா என்பதே கேள்வி. பார்சல் வந்த அன்றே சோதிக்கலாம். பேக்கிங் நூலை (ஃப்ளை லைனுக்கு அடியில் சுற்றுகிற நூல்) ரீலில் கட்டி, மறுமுனையில் தண்ணீர் நிரம்பிய அரை லிட்டர் பாட்டிலைத் தொங்கவிடுங்க. பாட்டில் மெதுவாக இறங்குகிற அளவுக்கு டிராக்கைத் தளர்த்துங்க. கையால் நிறுத்தி, விட்டு, மறுபடி நிறுத்தி விடுங்க. ஒவ்வொரு முறையும் வழுக்கிக்கொண்டே கிளம்பினால் நல்ல டிராக். நின்று, 'டக்'கென்று விழுந்து, மறுபடி நின்றால் அன்றைக்கே திருப்பி அனுப்பிடுங்க. அரை லிட்டர் ஏன் என்றால், 5எக்ஸ் தடிமன் டிப்பெட் சுமார் 2 கிலோவில் அறும், டிராக் அதில் கால் பங்கில் நிற்பது வழக்கம். அந்த 'டக்' தண்ணீரில் நடந்தால் அறுவது அங்கேதான்.

ஸ்பூல்சுத்தி

ரீல் வந்தபின் லைன் ஏற்றுவதில்தான் புதுசா வருகிறவர்கள் அதிகம் சொதப்புவது. அதைச் சொல்லிடறேன்.

வலது கையால் வீசுகிறவர் இடது கையால் சுற்றுவது சௌகரியம், ராடைக் கை மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான ரீல் இரண்டு பக்கமும் மாறும். ஸ்பூலைக் கழற்றினால் நடுவில் ஒருவழி பேரிங் இருக்கும், அதை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும். வெள்ளைத் துண்டு விரித்து அதன்மேல் செய்யுங்க, சின்ன கிளிப் தெறித்தால் புல்லில் கிடைக்காது. கிளிக் ரீல் என்றால் நாக்கைத் திருப்பினால் போதும். சுற்றும்போது இலகுவாகவும் இழுக்கும்போது இறுக்கமாகவும் இருந்தால் சரி. இதை லைன் ஏற்றுவதற்கு முன்னாலேயே பார்த்திடணும். பலர் எல்லாம் ஏற்றி முடித்துவிட்டு, டிராக் தலைகீழ் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

பேக்கிங்குக்கு 20 பவுண்டு தாங்குகிற டாக்ரான் நூல். ஓடைக்கு 50 கஜமே அதிகம், ஆனாலும் அது வேண்டும். மீனுக்காக மட்டும் இல்லை, அடியில் பேக்கிங் இருந்தால்தான் லைன் பெரிய வட்டமாகச் சுற்றும். 8 செ.மீ. விட்டத்தில் ஒரு சுற்றுக்கு 25 செ.மீ. லைன் ஏறும், 5 செ.மீ. விட்டத்தில் 16-தான். ஸ்பூல் நடுவே சின்னதாக இருந்தால் லைனும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டே வெளியே வரும். லார்ஜ் ஆர்பருக்குக் காசு கொடுப்பது இதற்காகத்தான், அது வீண் இல்லை.

எவ்வளவு பேக்கிங் என்று தெரியாவிட்டால் தலைகீழாக அளந்துகொள்ளுங்க: முதலில் ஃப்ளை லைன் முழுதையும் ஸ்பூலில் சுற்றி, அதன்மேல் பேக்கிங்கை விளிம்புக்கு 5 மி.மீ. கீழே வரும்வரை சுற்றி, அங்கே வெட்டுங்க. பிறகு இரண்டையும் கழற்றி, இம்முறை பேக்கிங்கை முதலில். ஆர்பர் முடிச்சு, அதன் நுனியில் சாதா முடிச்சு ஒன்று போட்டால் வழுக்காது. லைனின் எந்த முனை ரீலுக்கு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான், அதைப் பிய்த்து எறிவதற்கு முன் படியுங்க. மாற்றிக் கட்டினால் கனமான தலை உள்ளே மாட்டிக்கொள்ளும், வெறும் மெல்லிய லைனைத்தான் வீசிக்கொண்டிருப்பீர்கள்.

பேக்கிங்கையும் லைனையும் நெயில் முடிச்சில் இணைக்கலாம். ஆணிக்குப் பதில் காலி ரீஃபில் துண்டு இருந்தால் நூலை அதற்குள்ளேயே நுழைத்து இழுத்துவிடலாம். லைன் வந்த பிளாஸ்டிக் சுருளில் பென்சிலைக் கோத்து, இன்னொருவர் பிடிக்க, சுருள் உருளட்டும். தரையில் படுக்கவைத்துப் பக்கவாட்டில் உருவினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும், அது கடைசிவரை தீராது.

கோத்தகிரி_தூறல்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். டிஸ்க்தான் எடுக்கிறேன். இரண்டு கேள்வி: லீடர் (லைன் நுனியில் கட்டுகிற மெல்லிய நூல்) ஸ்பூலுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே போய் மாட்டிக்கொள்ளும் என்கிறார்களே, அதை எப்படி முன்கூட்டியே பார்ப்பது? டிராக்கைச் சுத்தமாகத் தளர்த்தி வைத்தே பழகலாமா?

ஸ்பூல்சுத்தி

பழைய 4எக்ஸ் நூல் துண்டை (0.18 மி.மீ.) எடுத்து, ஸ்பூலைச் சுற்றிக்கொண்டே அந்த இடைவெளியில் தள்ளிப் பாருங்க. ஓரிடத்தில் மட்டும் நுழைந்தால் ஸ்பூல் கோணலாகச் சுற்றுகிறது. எல்லா இடத்திலும் நுழைந்தால் அந்த ரீலின் அளவே அப்படி, வேறு பார்க்கணும். அதோடு ஸ்பூலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் கூடாது.

டிராக்கைச் சுத்தமாகத் தளர்த்தாதீங்க. லைனை வெடுக்கென்று உருவி நிறுத்தினாலும் ஸ்பூல் தானே ஓடி, உள்ளே லைன் கூடுகட்டும். உருவிவிட்டு நிறுத்தினால் ஸ்பூலும் நிற்கிற அளவு, அதுதான் குறைந்தபட்சம். வீட்டுக்கு வந்து எடுத்து வைக்கும்போது மட்டும் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிடுங்க, இல்லையென்றால் டிஸ்க் அமுங்கி ஒட்டிக்கொள்ளும்.

கிளிக்_கட்சி

நம்ம ஊர் ஈரத்துக்கு இன்னொன்று. ரீலோடு வருகிற அந்த ரப்பர் உறையில் நனைந்த ரீலை மூடி வைக்காதீங்க. ஜூலையில் ஒரு வாரம் அப்படியே கிடந்தால் ஸ்குரூ தலைகளில் வெள்ளையாகப் பூத்துவிடும், பேக்கிங் நாற்றமெடுக்கும். ஸ்பூலைக் கழற்றி நிழலில் காயவைத்து, தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஒருவழி பேரிங்குக்குள் கிரீஸ் அப்ப வேண்டாம். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் கிரீஸ் இறுகி உருளைகள் கவ்வாது, டிராக் இருந்தும் இல்லாத மாதிரி ஸ்பூல் இரண்டு பக்கமும் சும்மா சுற்றும்.

மேல்பவானி

ரீலை வாங்கி ஓடுவதற்கு முன்னால் ஊட்டியில் மீன்வளத்துறை அலுவலகத்தில் அனுமதி விஷயத்தைக் கேட்டுவிடுங்க தம்பி. அவலாஞ்சியில் 1907-லிருந்து ட்ரவுட் பண்ணை இருக்கிறது என்பதற்காக எந்த ஓடையிலும் இறங்கிவிட முடியாது. வனத்துறை எல்லைக்குள் அவர்கள் அனுமதி தனி. முக்குறுத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலை நினைக்கவே வேண்டாம்.