ஜாவா பொருளை எக்ஸ்எம்எல் ஆக்கும்போது ஒரே புலம் இரண்டாகத் தெரிவது ஏன்?

கேள்வி (காட்பாடி):
வணக்கம். ஆம்பூரில் உள்ள ஒரு தோல் ஆலைக்காக, சரக்கு விவரங்களை எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களால் தகவலை எழுதும் வடிவம்) கோப்பாக மாற்றும் ஜாவா நிரல் எழுதி வருகிறேன். ரகஎண் என்னும் பிரைவேட் புலத்தின் (வகுப்புக்குள் மட்டும் தெரியும் மாறி) மேல், அதை எக்ஸ்எம்எல் பண்பாக எழுதச் சொல்லும் @எக்ஸ்எம்எல்ஆட்ரிபியூட் குறிப்பை இட்டேன். அதன் மதிப்பைப் படிக்கும் கெட்டர், மாற்றும் செட்டர் இரண்டும் உண்டு. இயக்கியதும், ஒரே பெயரில் இரண்டு பண்புகள் இருப்பதாகப் பிழை வருகிறது. மேலும், கொள்முதல் விலை கோப்பில் வரவே கூடாது.

பதில் (குடியாத்தம்):
ஐயா, வேறு கட்டளை இல்லாதபோது ஜாக்ஸ்பி (ஜாவா பொருளை எக்ஸ்எம்எல் ஆக்கும் நூலகம்) பப்ளிக் புலங்களையும் பப்ளிக் கெட்டர்-செட்டர் இணைகளையும் தானாகவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் புலத்தின் மேலும் குறிப்பு வைத்ததால், ஒரே தகவல் இரண்டு வழியாக வந்து மோதுகிறது. வகுப்பின் தலையில் @எக்ஸ்எம்எல்ஆக்சஸர்டைப் இட்டு, மதிப்பாக எக்ஸ்எம்எல்ஆக்சஸ்டைப்.ஃபீல்டு என்று கொடுங்கள்; அப்போது கெட்டர்-செட்டர் இணைகளை அது தானாக எடுக்காது. விலையைக் கோப்பில் சேர்க்காமல் விட, அந்தப் புலத்தின் மேல் @எக்ஸ்எம்எல்டிரான்சியன்ட் போதும்.

பதில் (இராணிப்பேட்டை):
2018-இல் வந்த ஜாவா 11 முதல் ஜாக்ஸ்பி, ஜேடிகே (ஜாவா நிரலாக்கக் கருவித் தொகுப்பு) உடன் வருவதில்லை. தனியாகச் சேர்க்க வேண்டும். ஜாக்ஸ்பி பதிப்பு 3 முதல் அதன் பேக்கேஜ் பெயர் ஜாவாஎக்ஸ் என்பதிலிருந்து ஜக்கார்த்தா என்று மாறிவிட்டது. இரண்டையும் கலந்தால் குறிப்புகள் கண்டுகொள்ளப்படாமலே போகும் என்பதால், இம்போர்ட் வரிகளை ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இப்போது <தோல் ரகஎண்="27"> என்று சரியாக வருகிறது; விலையும் மறைந்துவிட்டது.