'மீள்' மூன்று சுமை தாங்காது: எலாஸ்டிசிட்டிக்கு 'விரிவொடுக்கம்'

அனைவருக்கும் வணக்கம்.

எலாஸ்டிசிட்டிக்கு 'மீள்திறன்' என்று வைத்துக்கொள்ளலாம் என நம் கலைச்சொல் குழுவில் முன்பு முடிவு செய்தோம். நானும் அதற்கு ஒப்புக்கொண்டவன்தான். இப்போது அதை மாற்றக் கேட்டு எழுதுகிறேன். மருத்துவமனைகளுக்கான மேகக் கணிமையின், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வர்களின், செயல்திறன் மதிப்பீட்டுப் படிவம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அங்கே அந்தச் சொல் நிற்கவில்லை.

படிவத்தின் ஒரே பக்கத்தில் மூன்று அளவைகள் அடுத்தடுத்து வருகின்றன. நோயாளர் பதிவு கூடும்போது சர்வர்களும் கூடி, குறையும்போது குறைகின்றனவா என்பது ஒன்று. அது எலாஸ்டிசிட்டி. ஒரு சர்வரோ ஒரு தரவு மையமோ விழுந்தாலும் சேவை ஓடுகிறதா என்பது அடுத்தது. அது ரெசிலியன்ஸ். நின்றேபோனால் எவ்வளவு நேரத்தில் எழுகிறது என்பது மூன்றாவது, ரெக்கவரி டைம். நம் பட்டியல்படி இவை மீள்திறன், மீள்தன்மை, மீட்பு நேரம். முதல் இரண்டையும் படிக்கும் அலுவலர் இரண்டுக்கும் ஒரே விடையைத்தான் எழுதுவார். மூன்றாவதைப் பார்த்த செவிலியர் ஒருவர், "எந்த நோயாளி மீள்கிற நேரம்?" என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டது சரியே. மருத்துவமனைக்குள் மீள்வது என்றால் நோயிலிருந்து மீள்வதுதான். அந்தச் சொல்லுக்கு அங்கே ஏற்கெனவே உரிமையாளர் உண்டு.

'மீள்' எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. இயற்பியலில் கம்பியை இழுத்து விட்டால் பழைய நீளத்துக்குத் திரும்புகிறது; அதனால் அங்கே மீட்சிப் பண்பு. அந்தப் பாடத்துக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் மேகக் கணிமையில் திரும்பிப் போக வேண்டிய பழைய வடிவம் என்று எதுவும் இல்லை. பத்து சர்வர் முப்பதாகும், பிறகு பன்னிரண்டாகும், நள்ளிரவில் நான்காகும். எது இயல்பு வடிவம்? வேலையின் அளவு எதுவோ அதுவே அந்த நேரத்து வடிவம்.

பொருளியல்காரர்கள் இதே ஆங்கிலச் சொல்லை 'நெகிழ்ச்சி' என்கிறார்கள். தேவை நெகிழ்ச்சி எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. நண்பர் ஒருவர் இதை முன்மொழிந்தபோது கருத்தளவில் இதுவே நெருக்கம் என்று எனக்கும் பட்டது, ஏனென்றால் ஒன்று மாறும்போது இன்னொன்று எந்த அளவு ஈடுகொடுக்கிறது என்பதைத்தான் அவர்களும் அளக்கிறார்கள். தயக்கம் என்னவென்றால், வழக்கில் நெகிழ்ச்சி என்றதும் மனம் உருகுவதுதான் முன்னால் வருகிறது. ஃபிளெக்சிபிளுக்கும் நெகிழ்வு என்றே எழுதுகிறோம். குழப்பம் தீரவில்லை.

வரையறைக்கே போய்ப் பார்த்தேன். அமெரிக்கத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் 2011இல் வெளியிட்ட மேகக் கணிமை வரையறை ஐந்து அடிப்படைப் பண்புகளைச் சொல்கிறது. விரைவான எலாஸ்டிசிட்டி அவற்றில் ஒன்று. வளங்கள் தேவைக்கு ஈடாக வெளிநோக்கியும் உள்நோக்கியும் அளவு மாற வேண்டும் என்பது அதன் சாரம். 'உள்நோக்கியும்' என்பதுதான் முக்கியம். நாம் இதுவரை பேசிய சொற்கள் எதிலும் இந்தப் பாதி இல்லை. விரிவதை மட்டும் சொல்ல ஸ்கேலபிலிட்டி போதும். அதற்கு 'விரிதிறன்' என்று ஏற்கெனவே வைத்திருக்கிறோம்.

மருத்துவமனையில் இரண்டு பாதியும் வேண்டும். காலையில் புறநோயாளர் பதிவு ஒரே நேரத்தில் குவிகிறது. சர்வர்களின் எண்ணிக்கையைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ ஸ்கேலிங், சர்வரின் சுமையைப் பார்த்த பிறகுதான் புதிய சர்வரைக் கேட்கும். அது எழுந்து வேலைக்கு வரச் சில நிமிடங்கள் ஆகலாம். அந்த நிமிடங்களில் வரிசை நீளும். ஆகவே விரிகிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, எத்தனை நிமிடத்தில் என்றும் அளக்க வேண்டும். ஒடுங்கும்போது வேறு கவலை. தேவையில்லாத சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் வாடகை வீண். அவசரப்பட்டு நிறுத்தினால் அதன் வழியே போய்க்கொண்டிருக்கும் ஸ்கேன் படம் பாதியில் அறுந்துபோகும். சி.டி. ஸ்கேன் படத்தின் ஒரு குறுக்குவெட்டு, 512க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 16 பிட் என்றால் அரை மெகாபைட். ஆயிரம் வெட்டு கொண்ட ஆய்வு அரை கிகாபைட். வினாடிக்கு 100 மெகாபிட் இணைப்பு முழுவதும் கிடைத்தாலும் 40 வினாடிக்கு மேல் பிடிக்கும். அது முடியும்வரை காத்திருந்து ஒடுங்குகிறதா என்பதையும் மதிப்பிட வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: விரிவொடுக்கம். வரவுசெலவு போல உம்மைத்தொகை, விரிவும் ஒடுக்கமும். வினையாகவும் வரும்: "சேவை தேவைக்கேற்ப விரிந்தொடுங்குகிறது." ஒடுக்கம் என்றால் ஒடுக்குமுறை நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். ஒடுக்குமுறை 'ஒடுக்கு' என்ற பிறவினையிலிருந்து வந்தது. இங்கே இருப்பது ஒடுங்கு என்ற தன்வினை. அடங்கு அடக்கமானது போல, சுருங்கு சுருக்கமானது போல. ஆமை உறுப்புகளை உள்ளிழுத்து ஒடுங்குவது நமக்குப் பழகிய காட்சிதானே. 'சுருக்கவிரிவு' என்பதையும் எண்ணிப்பார்த்தேன், ஆனால் மருத்துவர்கள் அதை இதயத் துடிப்போடு சேர்த்துப் படித்துவிடுவார்கள்.

மற்ற இரண்டுக்கும் கூடவே சொல்லிவிடுகிறேன். ரெசிலியன்ஸ் தாக்குப்பிடிதிறன், பேச்சிலிருந்தே வருவதால் விளக்கம் தேவைப்படாது. ரெக்கவரி டைம் 'சேவைமீட்பு நேரம்'. முன்னால் 'சேவை' நின்றால் நோயாளி உள்ளே வரமாட்டார். இவ்விரண்டையும் பிரித்தே ஆகவேண்டும். ஆண்டுக்கு 99.9 விழுக்காடு இயங்கும் என்று உறுதி தருகிற சேவை, ஆண்டில் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் நிற்கலாம். அது ஒரே இரவில் மொத்தமாக நிற்பதும், நாளுக்கு ஒன்றரை நிமிடமாக நிற்பதும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒன்றல்ல.

படிவத்தின் கேள்வியை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: "காலைப் பதிவு நேரத்தில் சேவையின் விரிவு எத்தனை நிமிடத்தில் நிகழ்கிறது? ஒடுங்கும்போது நடப்பிலுள்ள பணி ஏதேனும் அறுபடுகிறதா?" இதைவிடச் சிறிய சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள், உடனே மாற்றிக்கொள்கிறேன். அதில் இரண்டு பாதியும் இருந்தால் போதும்.